கொடுவா குஞ்சுக்கு என்சைம் பவுடர் கலக்கணுமா?

"கொடுவா குஞ்சுக்கு 20 நாள் ஆச்சு, ஆர்ட்டீமியாவ (உயிரோட போடற குட்டி இறால் மாதிரி இரை) நிறுத்திட்டு தூள் தீவனத்துக்கு மாத்தப் போறேன், குஞ்சுக்கு செரிமான சக்தி பத்தாது என்சைம் பவுடர் (செரிக்க உதவுற பொருள்) கலந்தே ஆகணும்னு தீவனம் கொண்டு வர்றவர் சொல்றார், கிலோவுக்கு எவ்ளோ போடணும்?" இதான் கேள்வி.

ஒண்ணும் போட வேணாம்.

இந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பொரிச்ச புதுசுல கடல் மீன் குஞ்சுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்காது, நீட்டமா ஒரு குழாய்தான், ஆசிட்டும் சுரக்காது. அதனால உயிர் இரையா போடற ரோட்டிஃபரும் (கண்ணுக்கு தெரியாத சிறு உயிரி) ஆர்ட்டீமியாவும் தன்னோட என்சைமயும் சேத்து உள்ள கொண்டு போய் செரிக்க வைக்குதுன்னு ரொம்ப நாள் நம்புனாங்க. 1990கள்ல அளந்து பாத்தப்ப இரையில இருந்து வர்ற பங்கு கொஞ்சூண்டுதான், வாய் திறக்குற சமயத்துலயே குஞ்சோட கணையம் டிரிப்சின் (புரோட்டீன செரிக்கற என்சைம்) சுரக்குதுன்னு தெரிஞ்சுது. அதே காலத்துல பேன்கிரியாட்டின் (கணையத்துலேர்ந்து எடுக்கற என்சைம் கலவை) கலந்து சீ பிரீம்ங்கற கடல் மீனோட குஞ்சு நல்லா வளந்ததா ஒரு ரிசல்ட் வந்துச்சு, ஐரோப்பிய சீ பாஸ்ங்கற இன்னொரு கடல் மீன்ல அதே மாதிரி போட்டா பிரயோஜனம் இல்ல. விக்கிறவர் வாயில முதல் ரிசல்ட் மட்டும்தான் வரும், ரெண்டாவது வராது. உங்க கொடுவாவுக்கு மூணாவது வாரத்துலயே வயிறு வேலைய ஆரம்பிச்சிடும், அது வேற விஷயம்.

குறை தீவனத்துல. தூள் அவ்ளோ பொடிசா இருக்கறதால தண்ணில விழுந்த சில நிமிஷத்துலயே கரையறதெல்லாம் வெளிய போயிடும், நீங்க காசு குடுத்து வாங்குற என்சைமும் கரையற சாமான்தான், அதனால குஞ்சுக்கு முன்னாடி தொட்டிதான் அத சாப்பிடும். மீதி இருக்கறது? தீவனம் செய்யும்போது சூடு பட்டா பாதி செத்துடும். சூடு படாம ஈரத்தோட கலந்து வச்சீங்கன்னா டப்பாக்குள்ளயே தீவனத்த தின்ன ஆரம்பிக்கும்.

பவுடர் டப்பாவ திருப்பிப் பாருங்க. கிராமுக்கு எத்தனை யூனிட் (என்சைமோட வீரிய அளவு), எந்த பிஎச்ல (புளிப்பு அளவுல) அளந்தது, போட்டிருக்கா? பெரும்பாலும் "மல்டி என்சைம்"னு பெரிசா எழுதி மீன் படம் போட்டிருப்பாங்க, அவ்ளோதான். மீன் குஞ்சுல டெஸ்ட் பண்ணி காட்டுன்னு யாரும் கேக்கறதில்ல, கேக்க வேண்டியவங்களும் கேக்கறதில்ல, நஷ்டம் மட்டும் ஹேட்சரிக்காரன் தலையில.

நம்பலன்னா நீங்களே பாத்துக்கலாம். ஜெலட்டின்ல ரெண்டு கிண்ணம் ஜெல்லி உறைய வைங்க, ஒண்ணு மேல பவுடர் கரைச்ச தண்ணி, இன்னொண்ணு மேல வெறும் தண்ணி ஊத்தி ஃப்ரிட்ஜுக்குள்ளயே வைங்க, வெளிய வச்சா வெக்கைக்கே உருகிடும். புரோட்டீன கரைக்கிற என்சைம் உயிரோட இருந்தா அந்த ஜெல்லி குழைஞ்சு போகும். இப்ப அதே பவுடர தீவனம் செய்யற சூட்டுக்கு காட்டிட்டு திரும்ப செய்யுங்க. ரெண்டாவது தடவை ஜெல்லி கட்டியா நின்னா காசு எங்க போச்சுன்னு தெரிஞ்சிடும்.

ஒரே ஒரு என்சைம் பத்தி சண்டைக்கு வருவீங்க, ஃபைட்டேஸ். சரி அது உண்மையிலயே வேலை செய்யற சாமான், ஆனா அது செரிமானத்துக்கு பொதுவா உதவுறதுக்கில்ல, சோயா மாதிரி செடிப் புரோட்டீன்ல கட்டுண்டு கிடக்கற பாஸ்பரஸ அவுத்து விடறதுக்கு. அதுலயும் பெரும்பாலான ஃபைட்டேஸுக்கு புளிப்பு வேணும், வயிறே இல்லாத கெண்டைக்கு அப்படியே போட்டா அரைகுறைதான், முன்னாடியே தீவன மாவுல ஊற வச்சு வேலை வாங்கணும், அதுலயும் சூட்டுல அடிச்சு உருண்டை பண்றவங்க உருண்டை ஆறுன பிறகு மேல ஸ்ப்ரே பண்ணணும். வளந்த மீனுக்கு, செடிப் புரோட்டீன் அதிகமான தீவனத்துக்கு. உங்க 20 நாள் குஞ்சுக்கு சம்பந்தமே இல்ல.

பவுடர் காசுல நல்ல தீவனம் வாங்குங்க. புரோட்டீன்ல ஒரு பங்கு முன்னாடியே சிறுசா உடைச்சதா இருக்கணும் (ஹைட்ரோலைசேட்னு எழுதியிருக்கும், முழுசும் அதுவே ஆனா அதுவும் கெடுதல்), லெசித்தின் (ஒரு வகை கொழுப்பு) இருக்கணும். ஆர்ட்டீமியாவ ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. காலைல பசியோட இருக்கறப்ப தூள முதல்ல, கொஞ்ச கொஞ்சமா, அடிக்கடி தூவுங்க, அப்புறம் ஆர்ட்டீமியா, அத ஒரு வாரம் பத்து நாள்ல குறைச்சுட்டே வாங்க. அடியில தங்குனத அன்னன்னிக்கே குழாய் வச்சு உறிஞ்சி சைஃபன் பண்ணிடுங்க. பெரிசு சிறுசு பிரிச்சு விடவும் மறக்காதீங்க, கொடுவா பக்கத்துல இருக்கறதயே முழுங்கும், அப்புறம் செரிக்கலன்னு என்சைம தேடுவீங்க.