குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கலாமா?

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்துடன் மலேசியா செல்கிறோம். சபா மாநிலத்தின் செப்பிலோக்கில், தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளை வளர்க்கிறார்களாமே? அவற்றுக்குப் பழம் ஊட்டவும், தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளவும் என் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அனுமதி உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டுக்கும் அனுமதி இல்லை. மனிதருக்கு வரும் சளியும் காசநோயும் ஒராங்குட்டான்களையும் தொற்றும் என்பதால், பார்வையாளர்கள் அவற்றைத் தொட விடுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு குட்டியைக் கையில் கொடுக்கும் இடம் எதுவானாலும், அதைக் காப்பகம் என்று நான் சொல்லமாட்டேன்.

சண்டாக்கான் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 43 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்புக்காட்டை ஒட்டி, 1964 முதல் இயங்கிவரும் மையம் செப்பிலோக். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டபோது தாயைப் பறிகொடுத்தவையும், வீடுகளில் திருட்டுத்தனமாக வளர்க்கப்பட்டு மீட்கப்பட்டவையும் அங்கே வந்து சேர்கின்றன. காட்டில் ஒராங்குட்டான் குட்டி ஆறேழு வயது வரை தாயை ஒட்டியே இருந்து, எந்தப் பழத்தைத் தின்னலாம், இரவில் படுப்பதற்குக் கிளைகளை வளைத்துக் கூடு கட்டுவது எப்படி என்பதையெல்லாம் பார்த்துப் பழகும். அந்தப் பாடத்தை இங்கே பராமரிப்பாளர்கள் கற்பிக்க வேண்டியிருக்கிறது. குட்டிகள் கயிறேறிப் பழகுவதைக் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து பார்க்கலாம். ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, அடுத்த கயிற்றுக்குத் தாவலாமா வேண்டாமா என்று ஒரு குட்டி தயங்குவதைப் பார்த்துவிட்டால், உங்கள் பிள்ளைகள் அவ்விடத்தை விட்டு எளிதில் நகரமாட்டார்கள்.

காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் காட்டுக்குள் உள்ள மேடையில் உணவு வைப்பார்கள். பெரும்பாலும் ஒரே வகை உணவுதான். அது சலித்துப்போய் அவை தாமாக இரை தேடட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே, காட்டில் பழங்கள் நிறைந்திருக்கும் காலத்தில் மேடைக்கு ஒன்றுகூட வராமல் போகலாம். பழத்தைத் திருட வரும் சாதாரணக் குரங்குகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். அதற்காக அங்குள்ளவர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் விரும்புவதே அதைத்தான்.

பை, தின்பண்டம், தண்ணீர்ப் புட்டி, பூச்சி விரட்டி ஆகியவற்றை உள்ளே கொண்டுபோக முடியாது. அவற்றை வைத்துப் பூட்டப் பெட்டகங்கள் உண்டு. கோலாலம்பூரிலிருந்து சென்றாலும் சபாவில் தனியாகக் குடிநுழைவுச் சோதனை இருப்பதால், கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள். அன்று பிள்ளைகளில் யாருக்காவது சளியோ இருமலோ இருந்தால், செல்வதை ஓரிரு நாள் தள்ளிப்போடுவதே முறை.