“அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்று மகள் கேட்டால்…

கேள்வி: கம்பம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 15. எங்களோடு வந்த ஒரு பெண்ணிடம் தோட்டத்தில் ஒருவர் தப்பாக நடந்ததாகப் பேச்சு வந்தது. அந்தப் பெண் வேலையை விட்டு நின்றுவிட்டார். இது காதில் விழுந்து, “அந்த அக்காவுக்கு என்னம்மா ஆச்சு?” என்று மகள் கேட்டாள். “சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அந்தப் பேச்சு” என்று அதட்டிவிட்டேன். அதன்பிறகு அவள் எதுவும் கேட்பதில்லை. எங்களுக்கு அட்வான்ஸ் கொடுத்த ஏஜென்ட் அடிக்கடி வீட்டுக்கு வந்துபோவார். இந்த விஷயங்களைப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது? ஏதாவது நடந்தால் தமிழ்நாட்டு போலீஸிடம் போவதா, கேரள போலீஸிடம் போவதா?

பதில்: விட்ட இடத்திலிருந்து நீங்களே தொடங்குங்கள், சகோதரி. அவள் மறுபடி கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்கவே மாட்டாள். முகம் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தால் தலை சீவிவிடும்போதோ துணி மடிக்கும்போதோ பேசலாம். “அன்னைக்கு நீ கேட்டப்ப அதட்டிட்டேன் பாப்பா. நீ கேட்டதுல தப்பே இல்ல. அந்த அக்காவுக்குப் பிடிக்காதப்ப ஒரு ஆளு அவங்க உடம்பைத் தொட்டிருக்கான். தப்பு அவன் மேல, அக்கா மேல இல்ல.” முதல் நாளுக்கு இவ்வளவு போதும். அந்தப் பெண்ணின் பெயரையோ, ஊரில் பேசிக்கொள்ளும் விவரங்களையோ சொல்ல வேண்டாம். மகள் எதிர்க்கேள்வி கேட்டால், கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். மார்பு, பிறப்புறுப்பு, மாதவிடாய், பிள்ளை எப்படி உண்டாகிறது, எல்லாமே அவள் வயதுக்குத் தெரிந்திருக்க வேண்டியவைதான்.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். அது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. பிள்ளைகளிடம் அத்துமீறுகிறவர் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்த ஆளாகவே இருக்கிறார். அது தப்பு என்று தெரிந்தும் பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. யார் வந்தால் அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள், யாரிடம் பேசும்போது அம்மாவின் குரல் இறங்குகிறது, யாருக்கு டீ போடச் சொல்கிறாள் என்பதையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்த ஆளைப் பற்றிச் சொன்னால் அம்மாவுக்கு வேலை போய்விடும், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள் என்று 12 வயதில் தானாகவே கணக்குப் போட்டுவிடுவாள். தப்பு செய்ய நினைக்கிறவனுக்கும் அந்தக் கணக்கு தெரியும். அதனால்தான் உடம்பைப் பற்றிப் பேசுவதோடு அதிகாரத்தைப் பற்றியும் பேசச் சொல்கிறேன்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அவர்கிட்ட நாம பணம் வாங்கியிருக்கோம். அதை நான் வேலை செஞ்சு கழிச்சுருவேன். அந்தப் பணத்துக்காக உன்னைத் தொடவோ, போன்ல எதையாவது காட்டவோ, தனியா வரச் சொல்லவோ யாருக்கும் உரிமை இல்ல. அப்படி நடந்தா எங்கிட்ட சொல்லு. வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம்.” ஏஜென்டைச் சந்தேகப்படச் சொல்வதாக நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் யாருடைய சொல்லுக்கு எடை அதிகமோ அவரையே உதாரணமாகச் சொன்னால்தான், இதில் யாருக்கும் விலக்கு இல்லை என்று அவளுக்குப் புரியும். இல்லாவிட்டால் வாத்தியார், சித்தப்பா, ஏஜென்ட் எல்லாரையும் அவளே கணக்கிலிருந்து விட்டுவிடுவாள். சொன்னதை வீட்டு வழக்கத்திலும் காட்டுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் யார் வந்தாலும் “அம்மா சாயங்காலம் வருவாங்க, அப்ப வாங்க” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பட்டும். மரியாதை தெரியாத பிள்ளை என்று யாராவது குறை சொன்னால், அவர் முன்னாலேயே மகள் பக்கம் நில்லுங்கள்.

மகனிடம் தனியாகப் பேசுங்கள். ஆண்பிள்ளைக்கு ஆபத்தில்லை என்பது பெரிய தப்பெண்ணம். மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். அவனுக்கு நடந்தாலும் உங்களிடம் சொல்லலாம், அழலாம் என்று சொல்லுங்கள். அவன் யாரிடமும் அப்படி நடக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பெண் பேசாமல் நிற்பது சம்மதம் ஆகாது. கூடப் படிக்கிற பெண்ணின் படத்தை குரூப்பில் சுற்றுக்கு விடுவது விளையாட்டும் ஆகாது. “தங்கச்சியப் பாத்துக்கோ” என்று அவனைக் காவலுக்கு மட்டும் வைக்காதீர்கள். அது அவனுக்குத் தங்கையை அதட்டும் உரிமையாகத்தான் போய் முடியும்.

அந்தப் பெண்ணுக்கும் வழி இருக்கிறது. வேலையிடத்துப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துக்கும் பொருந்தும். முதலாளி தரப்பு ஏற்பாடு செய்த வண்டியும் அந்தச் சட்டப்படி வேலையிடம்தான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடக் குறைவான ஆட்கள் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். உங்கள் விஷயத்தில் அது, தோட்டம் இருக்கும் கேரளத்தின் இடுக்கி மாவட்டக் குழு. நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிப்பார்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்து உதவ வேண்டியது குழுவின் கடமை.

இனி போலீஸ் விஷயம். குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. கேரளத்தில் நடந்ததற்குக் கம்பத்திலேயே புகார் கொடுக்கலாம். “அங்கே போய்க் கொடும்மா” என்று திருப்பி அனுப்பினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அவர்களே உரிய நிலையத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் யாராக இருந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் வருவார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர், சீருடை இல்லாமல் வந்து எழுத வேண்டும். விசாரிப்பவர் மலையாளம் மட்டும் தெரிந்தவர் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண்பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதல் சிகிச்சை இலவசம். எஃப்.ஐ.ஆர். கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது.

பிள்ளை சொன்ன அன்று கத்தாதீர்கள், திரும்பத் திரும்பத் துருவாதீர்கள். “நீ சொன்னது நல்லது, நான் நம்புறேன்” என்று சொல்லிவிட்டு, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். குளிப்பாட்டாமல், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று யாராவது வருவார்கள். போக்சோ வழக்கில் சமரசத்துக்கு இடமில்லை. தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் மறைத்தவருக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. புகார் பதிவானதும் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.