முக்காடு போடச் சொன்ன வசனத்தைத் திரும்ப வாசியுங்கள்

கேள்வி: திருகோணமலையில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறேன். வேதபாடம் எடுக்க என் பெயரைச் சொன்னதும் ஓர் அண்ணா 1 தீமோத்தேயு 2:12ஐ (உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் பெண்ணுக்கு உத்தரவில்லை என்ற வசனம்) வாசித்தார். "பெண்ணியம் கதைக்கிறவ விசுவாசியா இருக்கேலாது" என்றும் சொன்னார். நான் எதை விடுவது?

பதில்: எதையும் விடத் தேவையில்லை. ஆனால் பதிலுக்குக் கலாத்தியர் 3:28ஐ (கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்பது) நீட்டாதீர்கள். எல்லாரும் முதலில் எடுப்பது அதைத்தான். "அது இரட்சிப்பைப் பற்றியது, ஊழியத்தைப் பற்றியதல்ல" என்பார்கள். கதை அதோடு முடிந்துவிடும்.

1 கொரிந்தியர் 11:5இல் தொடங்குங்கள். நம் சபைகளில் பெண்கள் முக்காடு போடுவது இந்தப் பகுதியை வைத்துத்தான். ஆனால் அங்கே எழுதியிருப்பது, ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடு என்று. பெண் வாய்திறப்பாள் என்பதை வைத்துத்தான் நிருபத்தை எழுதிய பவுல் பேசுகிறார். அதே நிருபம் 14:34இல் பெண்களைச் சபையில் பேசாமலிருக்கச் சொல்கிறது. அது எல்லாப் பேச்சுக்கும் தடையென்றால் 11ஆம் அதிகாரம் வீண். 14:28, 14:30ஐயும் பாருங்கள்: அர்த்தம் சொல்ல ஆளில்லாமல் அந்நிய பாஷை பேசுபவருக்கும், முந்திப் பேசினவருக்கும் இதே கட்டளை. கூட்டம் குழம்பாதிருக்கச் சொன்னது. (34, 35ஆம் வசனங்கள் சில பழைய பிரதிகளில் அதிகாரத்தின் கடைசியில் வருகின்றன. வாலிபர் கூட்டத்தில் அதை இழுக்காதீர்கள், வேதத்தை வெட்டுகிறாய் என்பார்கள்.)

இனி அண்ணாவின் வசனம். "அதிகாரஞ்செலுத்த" என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் அவ்தெந்தெயின். புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. பவுல் அதிகாரத்துக்கு வழக்கமாகச் சொல்லும் எக்ஸூசியா அல்ல. அடக்கி ஆளுவது என்ற பொருளும் அதற்கு உண்டு. தீமோத்தேயு அப்போது இருந்தது எபேசுவில், கள்ள உபதேசத்தை நிறுத்த (1:3). அதே எபேசுவில்தான் பிரிஸ்கில்லாள் கணவரோடு சேர்ந்து அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குப் பாடம் சொன்னாள் (அப்போஸ்தலர் 18:26). எதிர்த்தரப்பின் பலமான இடம் 2:13: ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான் என்று பவுல் காரணம் காட்டுகிறார். அதை நீங்களே முதலில் வாசித்துவிடுங்கள், மறைத்தால் பிடிபடுவீர்கள்.

படைப்பைப் பற்றிக் கேட்டால் ஆதியாகமம் 2:18க்குப் போங்கள். அங்கே "துணை" என்றிருக்கும் எபிரெயச் சொல் ஏசெர். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்" என்ற 121ஆம் சங்கீதத்தில் ஒத்தாசையும் அதே சொல்தான், அங்கே தேவனிடமிருந்து வருவது. எடுபிடி வேலைக்காரிக்கு யாரும் அந்தச் சொல்லைப் போடமாட்டார்கள். "பெண்ணியம்" என்ற பெயருக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களும் இந்த வசனத்தைக் கேட்பார்கள்.

வசனத்தோடு உங்கள் சபையின் சட்டத்தையும் பாருங்கள். பலர் இதைத்தான் மறப்பது. மெதடிஸ்த திருச்சபையில் பெண் போதகர்கள் இருக்கிறார்கள். அங்கிலிக்கன் கொழும்பு மறைமாவட்டத்தில் 2006 முதல் பெண் குருக்கள் உண்டு, திருகோணமலையும் அதற்குள்தான். கத்தோலிக்கத்தில் குருத்துவம் ஆண்களுக்கே, ஆனால் வாசகர், பீடப்பணியாளர் பணிகளுக்குப் பெண்களையும் முறைப்படி நியமிக்கலாமென்று பாப்பரசர் பிரான்சிஸ் 2021இல் சட்டத்தைத் திருத்தினார். சுயாதீன சபையென்றால் முடிவு பெரும்பாலும் போதகர் கையில்; அவரைத் தனியே சந்தியுங்கள், ஐக்கியத்தின் நடுவில் கேட்காதீர்கள். மற்றச் சபைகளில் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த விதியின்படி பெண்கள் வேதபாடம் எடுக்கக்கூடாது என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியவும் சொல்லுங்கள்.