காவலரை விசாரிப்பவர் யார்?

கேள்வி: என்கவுண்டர் செய்யும் அதிகாரிக்குக் கைதட்டும் நாமே ‘விசாரணை’ பார்த்துக் கண்கலங்குகிறோம். இரண்டும் காவல்துறைப் படங்கள்தாமே? (ஈசூன் வாசகர்)

பதில்: என்கவுண்டர் படங்களில் சுடப்படுகிறவன் குற்றவாளிதான் என்பதை இயக்குநர் முன்கூட்டியே காட்டிவிடுவதால், விசாரணை என்பதே வீண் சடங்காகத் தோன்றுகிறது, கைதட்டுவதும் எளிதாகிவிடுகிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் அனுபவத்திலிருந்து எழுதிய ‘லாக்கப்’ நாவலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ நமக்கு அந்த வசதியைத் தருவதில்லை. குண்டூர்ப் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ்த் தொழிலாளர்கள், தாங்கள் செய்யாத கொள்ளைக்காகப் பிடிபடுகிறார்கள். காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது என்பது, படம் வந்தபோது நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆகவே நிலையத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதோடு அடி நிற்பதில்லை. நீதிபதி முன்னிலையிலும் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள் என்ற உறுதி கிடைக்கும்வரை நீள்கிறது. எளியவரைக் காக்க எழுதிய விதியையும் மிஞ்சிவிடுகிறது, வழக்கை முடித்தாக வேண்டும் என்ற அவசரம்.

ஆயினும் அது அரசியல் படமாவது இரண்டாம் பாதியில்தான் என்பேன். அரசியல்வாதிகளின் பணக்கணக்கை அறிந்த ஒருவர் சென்னையில் காவலில் இறந்த பிறகு, அதுவரை அதிகாரமே உருவாகத் தெரிந்த காவலர்கள் மேலிடத்தின் கையாள்களாகச் சுருங்குகிறார்கள். சமுத்திரக்கனி ஏற்ற அதிகாரியின் மனசாட்சியால் அங்கே எதையும் தடுக்க முடிவதில்லை. (அவ்வேடத்துக்குத் தேசிய விருது கிடைத்தது மிகப் பொருத்தம்.)

கேள்வி: பதினான்கு வயது மகனுடன் பார்க்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: அடிக்கும் காட்சிகள் நீளமானவை. இன்னும் சில ஆண்டுகள் பொறுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இத்தகைய கதைக்குக் கரு உண்டா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: உண்டு. 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் ஏறத்தாழ 400,000 வெள்ளி மதிப்புள்ள 1,800 பவுண்டு அபின் கொள்ளையிடப்பட்டது. அந்தக் கும்பலில் காவல்துறைத் துப்பறிவாளர் மூவரும் இருந்தனர். ஊழலை விசாரிக்கும் பொறுப்பு அன்று காவல்துறைக்குள்ளேயே இருந்த ஒரு சிறு பிரிவிடம் இருந்தது. அந்த ஏற்பாடு போதாது என்பது இதனால் வெளிச்சத்துக்கு வந்து, 1952ல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தனி அமைப்பாக உருவாயிற்று. இன்று அது பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. இதைப் படமாக்குபவர் கடற்கரைக் கொள்ளையிலேயே தங்கிவிடாமல், உடன் பணியாற்றியவர்களைப் பற்றியே அறிக்கை எழுத நேர்ந்த ஓர் அதிகாரியைக் கற்பனை செய்து நாயகனாக்கினால், முதல் நாளே டிக்கெட் வாங்க நான் தயார்.