'இம்ஸாதி' 40 பக்கத்தோடு நிற்கிறதா? இதைச் செய்து பாருங்கள்

வணக்கம். லஸ் முனையில் பழைய புத்தகமாக 'இம்ஸாதி' என்ற ஸ்டார் டிரெக் நாவலை வாங்கினீர்கள், 40 பக்கத்துக்கு மேல் நகரவில்லை, தொடர் முழுவதையும் பார்த்தால்தான் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாவலுக்கு அடிப்படையான 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' டிவி தொடர் 178 பகுதிகள். அதை முடித்துவிட்டு வர நினைத்தால் புத்தகம் அலமாரியிலேயே கிடக்கும்.

இரண்டே இரண்டு பாருங்கள். ஒன்று, 1987இல் வந்த முதல் பகுதி. முன்னாள் காதலர்களான ரைக்கரும் டிராயும் விண்கப்பலில் மறுபடி சந்திக்கும்போது அவள் வாய் திறக்காமல், மனதுக்குள்ளேயே அவனை 'இம்ஸாதி' (அவள் மொழியில் 'அன்பே') என்று அழைப்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பதைத்தான் பீட்டர் டேவிட் 1992இல் முழு நாவலாக எழுதினார். அப்புறம், பழைய ஸ்டார் டிரெக் தொடரில் 1967இல் வந்த 'சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' பகுதி. காலத்தைக் கடக்கும் அந்தக் கல் வாசல் நாவலிலும் வருகிறது.

உங்களைக் குழப்புவது தொடக்கம்தான். கிழவனான ரைக்கர், ஒதுக்குப்புறமான விண்தளம், டிராய் என்றோ இறந்துவிட்டாள்... தவறான புத்தகமோ என்று எனக்கும் தோன்றியது. பொறுமையாகப் போங்கள். கதை பின்னோக்கி, டிராயின் சொந்தக் கிரகமான பீட்டஸெட்டுக்குப் போனதும் வேகம் பிடித்துவிடும். அவர்கள் இருவரும் காட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் பகுதியை நான் தாம்பரத்திலிருந்து வரும் ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய மாம்பலத்தைத் தவறவிட்டு கோடம்பாக்கத்தில் இறங்கினேன்.

வில்லன் சதி கொஞ்சம் பலவீனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரைக்கரைத் திரையில் நாம் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்ததே இல்லை. 100 பக்கம் வரை வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் இங்கே எழுதுங்கள், பேசலாம்.