கோடியக்கரைச் சாலையில் மான் குறுக்கிட்டால்

கேள்வி: ஆடி அமாவாசைக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து பெற்றோரைக் காரில் கோடியக்கரைக்கு அழைத்துச் செல்கிறேன். விடியும் முன்பே கடற்கரையில் இருக்க வேண்டும். வழியில் மான்கள் குறுக்கே பாயும் என்கிறார்கள். எப்படி ஓட்டுவது?

பதில்: அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் அந்த அரை மணியை நம்பித்தான் இருக்கிறது.

வேதாரண்யம் தாண்டிக் கோடியக்காட்டை நெருங்கினால், 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்துக்குள் நுழைகிறீர்கள். வெளிமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, மட்டக்குதிரை எல்லாம் அங்கே உண்டு. மான்கள் மிகுதியாக நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். நீங்கள் போவதும் அந்த நேரத்தில்தான்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால், மானைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்கும் ஒரு நொடிக்குள் கார் 17 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையிலும் முழுதாக நிற்க 35 மீட்டருக்கு மேல் ஆகும். 40 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 20 மீட்டர்தான். காட்டுப் பகுதியில் 30-ஐத் தாண்டாதீர்கள்.

எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடலாம். சாலையோரப் புதரில் இரண்டு கண்கள் மின்னினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். மான் நடுச்சாலையில் நின்றுவிட்டால் விளக்கைத் தாழ்த்துங்கள். கண் கூசிய மான் நகராது. ஹாரனைச் சுருக்கமாக ஒருமுறை அடித்துக் காத்திருங்கள். ஒரு மான் கடந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்கள்தான் பெரும்பாலும் அடுத்ததன்மேல் மோதுகிறார்கள். புள்ளிமான் கூட்டமாக வாழ்வது. முன்னது போன வழியில் குட்டியும் ஓடிவரும்.

மோதல் தவிர்க்க முடியாதது என்றால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பவே திருப்பாதீர்கள். நம் பகுதிச் சாலைகளில் ஓரம் என்பது மரம் அல்லது வாய்க்கால். அதே தடத்தில் நேராக, அழுத்திப் பிரேக் பிடியுங்கள். அம்மாவும் அப்பாவும் பின்இருக்கையிலும் பெல்ட் போட்டிருக்கட்டும். பம்பரில் பொருத்தும் மான் விரட்டும் விசில்களை வாங்க வேண்டாம். அவை பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை.

அடிபட்ட மானைத் தொடாதீர்கள். துடிக்கும் கால்களும் கொம்பும் ஆளைக் கிழித்துவிடும். அபாய விளக்கைப் போட்டு, வண்டியை ஓரங்கட்டி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெளிமான், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற உயிரினங்களின் பட்டியலில், இருக்கிறது. காருக்கான சேதத்தை மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஈடுசெய்யாது; முழுக் காப்பீடு வேண்டும்.

நீராடித் திரும்பும்போது மீந்த சோறு, பழம் எதையும் காட்டோரம் போட்டுவிடாதீர்கள். அதைத் தின்னப் பழகிய மான் மறுநாளும் சாலைக்கு வரும்.