சென்னை ராயபுரத்தில் பழைய வீட்டு மாடியில் இருக்கிறேன். கொளத்தூர் வண்ணமீன் கடையில் பார்த்த 4 அடி மீன் தொட்டிக்கு ஸ்டாண்டை நாமே செய்யலாமா, மட்டம் எப்படிப் பார்ப்பது?

தாராளமாகச் செய்யலாம், ஆனால் எடையை முதலில் கணக்குப் போடுங்கள். கொளத்தூரில் நீங்கள் பார்த்திருக்கும் 4 அடி தொட்டி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 250 கிலோ, கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 300-ஐத் தாண்டிவிடும்.

ஒன்றரை அங்குல சதுர இரும்புக் குழாயில் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சூட்டில் சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும், அதனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு நூலும் ஒரே நீளமாக, நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல். தெர்மாகோல் சின்ன மேடுபள்ளத்தைத்தான் தாங்கும், சாய்வைச் சரிசெய்யாது.

நம் வீடுகளில் தரையே வாட்டமாக இருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் மட்டும் எதையும் சொருகாதீர்கள், அந்த ஒரே இடத்தில் அழுத்தம் ஏறிக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

நீங்கள் இருப்பது ராயபுரத்தில் பழைய வீட்டு மாடி என்கிறீர்கள், அது மெட்ராஸ் டெரஸாக, அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளமாக இருந்தால், அதுதான் எனக்குக் கவலை. கீழே மரக்கட்டைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து, அவற்றுக்குக் குறுக்கே, கட்டை முனைகள் உட்கார்ந்திருக்கும் சுவரை ஒட்டி வையுங்கள். கட்டை உளுத்திருந்தால் மாடியே வேண்டாம், தரைத்தளம்தான். கடல்காற்றில் ஸ்டாண்ட் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட். அப்புறம், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, இரண்டு ஓரத்திலும் நீர்மட்டத்தை டேப்பால் அளந்துவிட்டு மீதியை நிரப்புங்கள்.